நாலரை மணி வரைக்கும்

நீல வட்டம் சுற்றுகிறது. வட்டம் என்று சொல்வது தவறு, முக்கால் வட்டம்தான், மீதிக் காலைப் பிடித்துவிடலாம் என்று ஓடுகிறது, ஓடட்டும். பின்னால் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பின்னால் எங்கோ என் நாக்கின் சேதி இருக்கிறது. போன வாரம் டாக்டர் நாக்கின் இடதோரத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண்ணிலிருந்து பச்சைப் பயறளவு சதையைக் கிள்ளி எடுத்து டப்பியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வந்துவிட்டதாம், ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் ரசீது எண்ணைப் போட்டால் இறக்கிக்கொள்ளலாமாம். போட்டேன். சுற்றுகிறது. நான் இதைத் திறக்கக்கூடாத நேரத்தில் திறக்கிறேன், அதனால் சுற்றுகிறது என்று வேறு யாராவது சொன்னால் சிரிப்பேன், சிரித்தால் நாக்கு பல்லில் உரசும், ஆகவே சிரிக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை, மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். சொன்னவள் என் மனைவி வெற்றிச்செல்வி. மத்தியானம் தயிர்ச்சாதத்தைக் கரைத்துக் கரைத்து நான் விழுங்கி முடித்தபோது மூன்று ஆகப் போகிறது, தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ரிப்போர்ட் வந்திருச்சுன்னு என் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. நாலரைக்கு மேல திறங்க. ராகு காலம் போகட்டும்." நிமிர்ந்து பார்த்தேன். கிண்டல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், குழாய்ச் சத்தம் கேட்டது, பிறகு உள்ளறையில் கட்டில் சத்தம். வெற்றிச்செல்வியா சொன்னாள்? கருப்புச்சட்டைக்காரர் மகள், எங்கள் கல்யாண அழைப்பிதழில் நேரம் போடுகிற இடத்தில் 'ராகு காலம் 3 முதல் 4.30க்குள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்க வைத்த மாமனாரின் ஒரே மகள். என் அம்மா அந்த ஒன்றரை மணி நேரமும் மண்டபத்துக்குள் வராமல் எதிரே இருந்த உரக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள், யூரியா மூட்டைகளுக்கு நடுவில், பட்டுப்புடவையில். மாலை மாற்றிக்கொண்ட கையோடு இவள் போய் அம்மாவைக் கூப்பிட்டாள். "அத்தை, கண்டம் கழிஞ்சிருச்சு, சாப்பிட வாங்க." அம்மா வந்தாள். சாப்பிட்டாள். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷமாக எந்த முக்கியமான காரியத்தையும் இவள் ராகு காலத்தில்தான் செய்வாள். வீடு பதிந்தது, ஆழ்துளைக் கிணறு போட்டது, மகளைக் கல்லூரியில் சேர்த்தது. கொள்கை என்று நான் சொன்னால் மறுப்பாள். "கொள்கை ஒண்ணும் இல்லைங்க. அந்த நேரத்துல எந்த ஆபீஸ்லயும் கூட்டமே இருக்காது." அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறாள். பயம் என்ன வேண்டுமானாலும் செய்யும். சாயம் முப்பத்தெட்டு வருஷம் தாங்கி என் நாக்கால் வெளுத்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குள் கொஞ்சம் வெற்றி, அதைவிட அதிகமாகத் துக்கம், அவள் தோற்பதைப் பார்க்க நான் தயாராகவே இல்லை. அதிலும் பாருங்கள், ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்து எடுக்கும் கணக்கு, சூரியன் ஆறு மணிக்கு எழும்பினால்தான் மூன்று முதல் நாலரை. பாளையங்கோட்டையில் இந்த மாசம் சூரியன் ஆறேகாலுக்கு மேல்தான் முகம் காட்டுகிறது, ஆகவே அசல் ராகு காலம் ஐந்து வரை போகும். மூடநம்பிக்கையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதை அவளிடம் சொல்ல வேண்டும், ஆனால் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசினால் காது வரைக்கும் இழுக்கிறது, இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதை எல்லாம் உள்ளேயே சொல்லிக்கொள்கிறேன், உள்ளே எனக்கு நாக்கு தேவைப்படவில்லை.

வட்டம் நின்றுவிட்டது. நின்றது நல்லதா? இல்லை, எல்லாமே நின்றுவிட்டது, அம்புக்குறி நகரவில்லை, நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பக்கம் பதிலளிக்கவில்லை. கீழே இரண்டு பொத்தான், 'காத்திரு', 'வெளியேறு'. நான்தான் மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்தேன், மாற்றிய அன்றைக்கு இந்த ஒருமை ஏவலைப் பார்த்துக் கோபம் வந்தது, அறுபத்தாறு வயதுக்காரனைப் பார்த்துக் காத்திரு என்கிறதே என்று. இன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் யார் கேட்டார்கள், காத்திரு என்றால் காத்திருக்கிறேன். அழுத்தினேன். மறுபடி வட்டம். கனியைப் பற்றி நினைக்கக்கூடாது. என்னோடு கல்லூரியில் பாடம் நடத்திய வேதியியல் துறை அருணாசலக்கனி. நினைக்கக்கூடாது என்றதும் வந்துவிட்டார். அவருக்கு நாக்கில் பாதியை எடுத்த பிறகு ஒருதரம் போய்ப் பார்த்தேன், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு, அதை அவரால் விழுங்க முடியாது என்று யோசிக்காமல். அவர் பேசினார், மனைவி மொழிபெயர்த்தாள். தமிழிலிருந்து தமிழுக்கு. கல்லூரிக் கூட்டங்களில் அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் குறுக்கே புகுந்து திருத்துவேன், அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் குறுக்கிடவில்லை, அவர் அதைக் கவனித்தார், கவனித்தது கண்ணில் தெரிந்தது. ஆனால் அவர் வெற்றிலை போட்டவர், புகையிலையோடு, ஆய்வுக்கூட வாஷ்பேசினே சிவந்திருக்கும். நான் கல்யாண வீட்டு பீடாவைக்கூடத் தொட்டதில்லை. எனக்கு ஒரு கடைவாய்ப்பல் உடைந்து கூராக இருக்கிறது, அது உரசுகிறது, உரசினால் புண் வரும், பல்லை ராவினால் போயிற்று. அதைத்தானே டாக்டரும் சொன்னார், 'பல்லா இருக்கலாம்' என்று. இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிள்ளி எடுத்தார். ஆறாத புண். ஆறாதது என்றால் அது இன்னும் ஆறவில்லை என்பதுதான் பொருள், வேறு பொருள் அதற்கு அகராதியில் கிடையாது.

பிரவுசர் உறைந்தால் என்ன செய்வது என்று மகள் ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறாள், முதலில் தேவையில்லாத பக்கங்களை மூடுங்க அப்பா, இத்தனை திறந்து வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் மூச்சுத் திணறும். மேலே வரிசையாக நிற்கின்றன, தலைப்புக்கூடத் தெரியாத அளவுக்கு நசுங்கி. பொதிகை மலையின் பெரணிகள், பாதி படித்தது. காந்தள் கிழங்கின் நச்சு, படிக்கவே ஆரம்பிக்காதது. தாவரப் பெயரிடல் விதிகளில் புதிய திருத்தங்கள், இதைப் படித்து ஒருவருக்குக் கண்டனக் கடிதம் எழுதுவதாக இருந்தேன். ஒன்றை மூடினால் அதைப் படிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிறது. நல்லது, ஒப்புக்கொள். பெரணிகள் போகட்டும். மூடுவதற்கும் அம்புக்குறி நகர வேண்டுமே, நகர்கிறது, நொண்டி நொண்டி. கிழங்கு போகட்டும். கடைசியில் ஒரு பக்கம் நாக்குப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை என்கிறது, இது நான் திறந்தது, எந்த வெட்கமும் இல்லாமல் திறந்தேன், முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தியவன் இரவில் கீரை வைத்தியம் படிக்கிறான், கீழே பின்னூட்டத்தில் ஒருவர் மூன்றே நாளில் குணம் என்று எழுதியிருக்கிறார், அவரை நம்பினேன். அதுவும் போகட்டும். எல்லாம் போன பிறகும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் ஜன்னல் திறக்கிற சத்தம். ஞானதிரவியம், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைய இணைப்பு, அவருடைய யோசனை, அவருடைய சிக்கனம். "என்னவே நாயகம், நெட்டு வருதா?" ஜன்னலருகே போய்க் கையை ஆட்டி இல்லை என்றேன். "எனக்கும் இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அந்த மோடத்தைப் பிடுங்கி, பத்து எண்ணிட்டு மாட்டும். அவசரப்பட்டு அஞ்சுல மாட்டிராதீரு, நீரு வாத்தியாரு, பத்துன்னா பத்து." உள்ளறைக் கதவைப் பார்த்தேன், அசைவில்லை. "எதுக்குவே கையை ஆட்டுதீரு? வாயில என்ன, கொழுக்கட்டையா?" அவருக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும். வாய்ப்புண் என்று மட்டும் காட்டினேன். "வெந்தயக் கஞ்சி குடியும்," என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பிடுங்கினேன். பச்சை விளக்குகள் செத்தன. பத்து எண்ண வேண்டும், எண்களை நாக்கு உள்ளே தொட்டுத் தொட்டு எண்ணுகிறது, சத்தமில்லாமல் எண்ணினாலும் நாக்கு அசைகிறது, இதுவரை எனக்குத் தெரியாது, ஒவ்வொரு எண்ணுக்கும் புண் பல்லைத் தொடுகிறது. நிறுத்திக் கைவிரலால் எண்ணினேன். இந்நேரம் அந்தச் சதைத் துணுக்கு எங்கே இருக்கும்? மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, ஊதாவும் ரோஜாவும், மேலே மெல்லிய மூடி. பிள்ளைகளுக்குத் தண்டைக் கேரட் துண்டுக்குள் செருகிச் சவரக் கத்தியால் குறுக்குவெட்டு எடுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், தடிப்பாக வெட்டியவனை வாசலில் நிற்கவைப்பேன். உயிரணுக்கள் வரிசையாக, செங்கல் கட்டின மாதிரி, ஒவ்வொன்றும் தன் இடத்தில். அந்த ஒழுங்கைக் காட்டத்தான் இத்தனை வருஷமும் குரலை உயர்த்தினேன், பாருங்கடா, எந்த உயிரணுவும் பக்கத்து வீட்டுக்குள் புகாது என்று. புகும். எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்லவில்லை, பாடத்தில் இல்லை. என் நாக்கின் வெட்டை யார் பார்த்திருப்பார்கள், பக்கத்தில் டீ கிளாஸோடு, என்னிடம் படித்தவனாகக்கூட இருக்கலாம். அப்படியானால் முடிவை நம்ப முடியாது. இது நல்ல எண்ணம், இதைப் பிடித்துக்கொண்டே மோடத்தை மாட்டினேன், விளக்குகள் ஒன்றொன்றாகக் கண் திறந்தன, வந்து உட்கார்ந்து எண்ணைப் போட்டேன், சுற்றியது, நின்றது. பக்கம் பதிலளிக்கவில்லை. அப்போது ஒன்று கவனித்தேன், எனக்குள் ஏதோ நிம்மதியாக மூச்சு விட்டது. நான் இதைச் சரிசெய்துகொண்டிருக்கிறேனா, ஒத்திப்போட்டுக்கொண்டிருக்கிறேனா? தெரியவில்லை. கை மட்டும் ஒழுங்காக ஒவ்வொரு வைத்தியமாகப் பார்க்கிறது, தற்காலிகச் சேமிப்பை அழிக்கவா என்கிறது, அழி, சேர்த்த துணைநிரல்களை நிறுத்தவா, நிறுத்து.

ஆய்வகத்துக்குப் போன் செய்தேன், ரசீதில் எண் இருந்தது, குரலைத் தாழ்த்தி, வார்த்தைகளைச் சுருக்கி. "ரிப்போர்ட் பக்கம் திறக்கல." ஒரு பெண். "சார் கொஞ்சம் தெளிவாப் பேசுங்க சார்." என்னைப் பார்த்துத் தெளிவாகப் பேசுங்கள் என்று சொன்ன முதல் ஆள். "ரிப்போர்ட்," என்றேன், "திறக்கல." "எங்க சைட்டு நல்லாத்தான் சார் இருக்கு. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பேஷண்ட் யாரு சார், உங்க அப்பாவா?" இல்லை, நான்தான். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம், பார்க்கிறாள், என் முடிவைப் பார்த்துவிட்டாள், நான் அவள் மூச்சைக் கேட்கிறேன், அதில் ஏதாவது மாற்றம் உண்டா, இல்லை, மின்விசிறிச் சத்தம். "காலைல ஒம்பதரைக்கே மெசேஜ் போயிருச்சே சார். உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க சார்." அப்படி எல்லோரிடமும் சொல்வாள். சொல்வாள்தான், அது அவளுடைய வேலை, பல் உரசிய புண்ணுக்கும் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொல்வாள். அதில் 'உங்க' என்று ஏன் சேர்த்தாள்? வைத்துவிட்டாள்.

கணினியையே அணைத்துப் போட்டேன். கருந்திரையில் என் முகம், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, இப்போதெல்லாம் அப்படித்தான், மூடினால் பல் படுகிறது. யாரோ கேட்ட கேள்விக்கு விடை தெரியாத மாணவனின் வாய். விளக்கு வந்தது, படம் வந்தது, பிரவுசரைத் திறந்தேன், சுத்தமாக இருந்தது, திறந்து வைத்த அத்தனை பக்கமும் போய் ஒரே ஒரு காலிப் பக்கம். ஆய்வகம். எண். அழுத்தினேன். வட்டமே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது, என் பெயர், வயது, ஆண், பக்கத்தில் 'பதிவிறக்கு'. இவ்வளவுதானா? இத்தனை நேரம் உழைத்தது இதற்கா? அழுத்தினேன், கோப்பு வந்து வலது மேல் மூலையில் உட்கார்ந்தது. கோப்பின் பெயர் ரசீது எண்தான். எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒன்று.

பிழை பார்த்தே பழகிய கண், சேதியைவிட முதலில் இதில்தான் போய் நின்றது. அந்த ஒன்று எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். வினாத்தாளை மறந்துபோய் இரண்டாம் தரம் இறக்கினால் வரும். அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால்தான் இயந்திரம் புதியதற்கு எண் போடும். நான் இறக்கவில்லை. இத்தனை நேரம் எதுவும் இறங்கவில்லை. பதிவிறக்கங்கள் இருக்கும் உறையைத் திறந்தேன். இரண்டும் இருந்தன, மேலே என்னுடையது, கீழே அடைப்புக்குறி இல்லாத மூத்தது, இன்று, காலை பத்து மணி. காலை பத்துக்கு நான் மார்க்கெட்டில் வாழைத்தண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தேன், பேசாமல் விரலைக் காட்டிப் பேரம். வெற்றிச்செல்விதான். மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருந்தவள், என்னைவிடக் கம்ப்யூட்டர் தெரிந்தவள், போனில் எழுத்து சிறியது என்று இங்கே வந்து உட்கார்ந்து திறந்திருக்கிறாள். அழிக்கத் தெரியாமல் விட்டிருக்க மாட்டாள். கை ஓடியிருக்காது. நான் திரும்பி வந்தபோது பையை வாங்கி உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள், தண்டு முற்றல் என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை, நன்றாயிருக்கிறது என்றாள். முற்றல்தான். பிறகு மத்தியானம் முழுவதும் ஒன்றும் சொல்லாமல் சோற்றை மசித்து, கரைத்து, நான் விழுங்குவதைப் பார்த்து, மணி மூன்றாகும் வரை தள்ளி, அதற்கு மேல் தள்ள வழி தெரியாமல், தன் அப்பா காறித் துப்புகிற ஒரு பெயரைக் கடனாக எடுத்து என் முன் வைத்திருக்கிறாள். ராகு காலம் போகட்டும். ஒன்றரை மணி நேரம். அவளால் எனக்கு அதற்கு மேல் எதுவும் எடுத்துத் தர முடியவில்லை. நல்ல சேதியாக இருந்தால் மார்க்கெட்டுக்கே போன் போட்டுக் கத்தியிருப்பாள், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் கோப்பைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதில்லை, படித்தாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஐஸ்காரன் மணி, பிறகு அன்றைக்குக் கேட்ட கனியின் மனைவியின் குரல், 'தண்ணி வேணுமாம் அவுகளுக்கு'. என் பேச்சை இவள் என்ன சொல்லி மொழிபெயர்ப்பாள்? திருத்திச் சொல்வாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்வாள், அதுதான் தாங்காது. உள்ளறைக் கட்டில் ஒரு தடவை முனகியது. அவள் தூங்கவில்லை. அங்கே படுத்துக்கொண்டு என் தட்டச்சுச் சத்தம், மோடம், போன், எல்லாம் கேட்டிருப்பாள், பக்கம் திறக்காமல் இருக்கட்டும் என்று எதை வேண்டியிருப்பாள், அவளுக்கு வேண்டிக்கொள்ள யாரும் கிடையாதே. என்னுடைய கோப்பை அழித்தேன். அவளுடையதை அப்படியே விட்டேன். பக்கத்தை மூடினேன். கையைத் தொடைமேல் வைத்து, கருந்திரையில் தெரிந்த அந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்ததை வீணாக்கக்கூடாது.

நாலரைக்கு வந்தாள். முகம் கழுவி, வெளியே போகிற புடவைக்கு மாறியிருந்தாள். "திறக்கலையே?" என்றாள். "இல்ல. தொங்கிருச்சு," என்றேன். "நீங்க கையை வச்சா அது தொங்காம என்ன செய்யும்." பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். "ம். போடுங்க." ஆய்வகப் பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. எண்ணைப் போட்டேன், விரல் தவறி ஓர் இலக்கம் மாறிவிட்டது. "ஏழில்லைங்க, ஒம்பது," என்றாள். ரசீது என் சட்டைப்பைக்குள் மடித்தபடி இருந்தது. உடனே, "மெசேஜ்ல பார்த்தேன்," என்றாள். நான் கேட்கவில்லை. ஒன்பது போட்டேன். கோப்பு இறங்கும் மூலை தெரியாதபடி தோளைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கொண்டேன், அந்த அடைப்புக்குறியை அவள் பார்க்க வேண்டாம். திறந்தது. ஒரே பக்கம், ஆங்கிலத்தில், கீழே இரண்டு கையெழுத்து. "சத்தமாப் படிங்க," என்றாள், என் முதுகில் கையை வைத்து. படித்தேன். மாதிரியின் அளவு, நிறம், பெற்ற தேதி. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் அதன் முழு ஒலியோடு, வலி எங்கே வரும் என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு தடித்த எழுத்தில் இருந்த வரி. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. முதுகில் இருந்த கை நகரவில்லை.

"அப்படின்னா?" என்று கேட்டாள், முதல் தடவை கேட்பவள் மாதிரி. நடிப்பு அவளுக்கு வராது. ஸ்குவாமா என்பது லத்தீன், என்று ஆரம்பித்தேன், செதில் என்று பொருள், மீன் செதில், எங்கள் படிப்பில் குருத்தை மூடியிருக்கும் செதிலிலைக்கும் அந்தச் சொல்தான். கார்சினோமா கிரேக்கம், நண்டு, புண்ணைச் சுற்றிக் கால் பரப்பினாற்போல் நரம்பு புடைப்பதால் பழைய வைத்தியர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். நாக்கு எரிந்தது. ஐந்து வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. இப்படி எதையாவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறவள், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.